மாமாவின் பிளசரில் இருந்த மேடு

அன்பு மச்சான் சரவணக்குமாருக்கு, திருச்செங்கோட்டிலிருந்து குழந்தைவேல் எழுதுவது. நானும் உன் அக்கா வசந்தாமணியும் சுகம். உன் அப்பாவின் பிளசர் காரும், நடுவில் நாற்பது நாள் துண்டு துண்டாகக் கிடந்ததைத் தவிர, சுகம். போனில் சொன்னால் நீ சிரிப்பது காதில் விழும் என்பதால் கடிதம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன் மகள் மைதிலியின் நிச்சயதார்த்தப் பந்தியில், "தாத்தா கார்லயே பொண்ணு மண்டபத்துக்கு வரும், இன்ஜினை நானே பிரிச்சுப் பூட்டறேன்" என்று சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் கேட்கும்படி முழங்கினேனே, அது இரண்டாவது டம்ளர் பாயசம் கொடுத்த தைரியம். எனக்குத் தெரிந்த இன்ஜின் வேலை, பானெட்டைத் தூக்கி, இடுப்பில் கைவைத்து, "ம்ம்" என்பது மட்டுமே. சர்க்கரை ஆலையில் இருபத்தெட்டு வருடம் கரும்பு எடைபோட்டபோதும் அதைத்தான் செய்தேன்.

இருந்தாலும் பிரித்துவிட்டேன். சின்ன நட்டுகளையெல்லாம் பத்திரமாக உன் அக்காவின் அஞ்சறைப்பெட்டியில் போட்டுவைத்ததில் ஒன்று ரசத்தில் வந்தது, அது தனிக்கதை. எல்லாம் கழற்றி மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தபோதுதான் இன்ஜினின் பக்கவாட்டில் அதைப் பார்த்தேன். அரை எலுமிச்சம்பழம் அளவு, கன்னங்கரேலென்று, கல்லுமாதிரி ஒரு மேடு. எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு பாகம் இல்லை. போர்வெல் ரிக் மெக்கானிக் வீரனைக் கூட்டிவந்தேன். அவன் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது அடைப்புங்க. உள்ள என்னத்தையோ புடிச்சு நிறுத்தியிருக்குது. இதமட்டும் தொட்டுப்போடாதீங்க" என்றான். ஆயிரம் அடி ஆழத்துக்குக் குழாய் இறக்குகிறவனுக்குக் காரைப்பற்றி என்ன தெரியும் என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அடுத்து இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார் யோகேஷ். தம்பி நாலு பக்கமும் போட்டோ எடுத்து, "சார், இது அதிர்வைக் குறைக்கிற பாகமுங்க. வெள்ளைக்காரன் மூளையே மூளை!" என்றான். மறுநாள் பன்னிரண்டு மாணவர்களோடு வந்து அளந்தான். நானும் சும்மா இருக்காமல் அதற்கு 'பேலன்ஸ் குமிழ்' என்று பெயர் வைத்து அரைமணி நேரம் விளக்கினேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள் மச்சான்!

அவர்கள் போனதும் உன் அக்கா என் கைக்கரி போக வெந்நீர் கொண்டுவந்தாள். சொம்பு சரிந்து பாதி அந்தக் குமிழின்மேல் கொட்டியது. குபீரென்று சந்தன வாசம்! "ஐயோ, எங்கய்யன் ஆயுத பூசைக்கு வருசா வருசம் அங்கதானுங்க சந்தனம் வெச்சுப் பொட்டு வெப்பாரு" என்றாள். மாமா வைத்த ஐம்பது ஆயுத பூசைச் சந்தனம், இன்ஜின் சூட்டில் வெந்து கல்லாகியிருக்கிறது! "பன்னெண்டு பசங்களுக்குப் பாடம் எடுத்தீங்களே, சாமி!" என்று சிரித்தவள், இன்னும் நிறுத்தவில்லை.

முழுவதும் கரைத்துச் சுரண்டினால், உள்ளே ஒரு பழைய செப்புக்காசு. மாமா காணிக்கை வைப்பதற்கென்றே வட்டமாகக் குழி குடைந்து, காசை இறுக்கி அடித்திருக்கிறார். என்ன பக்தி! நெம்பி எடுத்து, புளி போட்டுத் துலக்கி, பூசையறையில் வைத்தோம். இன்று காலை எல்லாம் பூட்டி முடித்துச் சாவியைத் திருப்பினேன். இரண்டு நிமிடம் ஓடியது மச்சான், சத்தியமாக ஓடியது! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகவே வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்குப் பெண் தாத்தா காரில்தான் வருகிறாள், ஓட்டுகிறவன் நான்தான் என்று சம்பந்தியிடம் தைரியமாகச் சொல்லிவிடு. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது ஒன்றுதான் பாக்கி.

மைதிலிக்கு எங்கள் ஆசி. உனக்கும் தங்கச்சிக்கும் அர்த்தநாரீசுவரர் குறைவில்லாமல் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரன்,
குழந்தைவேல்

பி.கு.: தண்ணீர் ஊற்றினேன். மாமாவின் காணிக்கைக் குழியிலிருந்து நேராக என் வேட்டிக்குப் பீச்சியடித்தது. வீரன் வந்து பார்த்து, "நாந்தான் அன்னைக்கே சொன்னனுங்களே" என்றான். இன்ஜினுக்குள் ஓடும் தண்ணீரைத் தடுத்து நிறுத்தியதே அந்தக் காசுதானாம்; திரும்ப அடித்துச் சந்தனம் பூசினால் போதுமாம். உன் அக்கா அதை மத்தியானமே மலைக்கோயில் உண்டியலில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.