புத்தன் வக்கீலும் விழுந்துபோன தெங்கும்

எனக்கு புத்தி மட்டு. இத எனக்க பொண்டாட்டி கல்யாணத்துக்கு மறுநாளே கண்டுபிடிச்சா. எனக்குத் தெரிய நாற்பது வயசாச்சு. இல்லேன்னா பெரியப்பா மகன் தங்கப்பண்ணன்ட்ட ஒரு வார்த்த கேக்க நாணப்பட்டு, நேரா நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்குப் போவேனா?

காரியம் இதாக்கும். எனக்க அம்மைக்கு மூச்சு இழுப்பு. ஆசுபத்திரி கொண்டுபோக ஆட்டோ முற்றம் வரைக்கும் வரணும். குறுக்கே அண்ணனுக்க மதில். பாகம் வச்ச அன்னு எங்க அப்பாமாரு ரெண்டுபேரும், "அந்தத் தெங்கு வரைக்கும் உனக்கு, அங்கோட்டு எனக்கு"ன்னு அதிர்த்தி வச்சாங்க. பத்திரத்திலயும் அப்படியே எழுதினாங்க. தெங்கு சாவாதுன்னு நெனச்சிருப்பாங்க போல. ஒரு காத்தில அது தேங்காயும் ஓலையுமா விழுந்துபோச்சு. அப்புறம் அது நின்ன இடம் எனக்கு ஒண்ணு, அண்ணனுக்கு வேற ஒண்ணு. தடி அடுப்பில எரிஞ்சு தீந்தபெறகும் கேசு பச்சையா நின்னுது.

இதுக்கு நான் பிடிச்ச வக்கீலு இருக்காரே, அவரப்போல ஜெயிக்க பயப்படுற ஒரு வக்கீலு பாறசாலையில அந்தத் தொண்ணூறுகளில வேற கிடையாது. பேரு யாருக்கும் வேண்டாம். புத்தன் வக்கீலுன்னா பஸ் கண்டக்டருக்கும் தெரியும். குறுக்கு விசாரணையில சாட்சிய அழவச்சு ரசிச்ச மனுசன்தான். ஒருக்கா ரயிலேறி கயா வரைக்கும் போயிட்டு வந்தாரு. வந்தப்போ மேசையில சட்டப் புத்தகம் ஒதுங்கிப்போச்சு, நடுவில ஒரு களிமண் புத்தரு உக்காந்துட்டாரு.

வெள்ளறடையிலேருந்து ஒருத்தன் வெட்டுகத்தியோட வந்தான். தம்பிய வெட்டினா ஜாமீன் கிடைக்குமான்னு முன்கூட்டியே கேக்க வந்த ஒழுக்கமான மனுசன். வக்கீலு கத்திய வாங்கி புத்தரு பக்கத்தில வச்சுட்டு, கண்ண மூடி மூச்ச மட்டும் பாருன்னாரு. அவன் பாத்துப் பாத்து குறட்டை விட்டுட்டான். முழிச்சப்போ கடைசி பஸ்ஸு போயாச்சு. கொலை அதோட முடங்கிப்போச்சு.

சண்டபோட்டு கேசுக்கு வந்த பூவார் வள்ளக்காரங்க ரெண்டுபேருட்ட, ஆசைதான் எல்லா துக்கத்துக்கும் காரணம்னாரு. அதுவரைக்கும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்காதவங்க, அப்போ சாருக்கு ஃபீசு மேல ஆசை உண்டான்னு சேந்து கேட்டாங்க. சமாதானம் ஆச்சு. ஃபீசு போச்சு. பின்னாலேயே குமஸ்தனும் போனான்.

இப்படிப்பட்டவருட்ட ஏன் போனேன்னு கேப்பீங்க. அவருக்க ஆபீசு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில. அவ்வளவுதான். கேசு ஃபைல் பண்ணினாரு. வாய்தா மேல வாய்தா. பெறகு ஒருநாள் எதிர்க்கட்சிக்காரரான அண்ணனையும் சாயா குடிக்கக் கூப்பிட்டுட்டாரு. ரெண்டுபேரையும் ஒரே பெஞ்சில இருத்தி, சாயா ஆறும்வரைக்கும் வாய் திறக்கப்பிடாதுன்னாரு. எனக்கு அதுவே பெரிய தண்டன.

ஆறினபெறகு சொன்னாரு: "இனி அவனவன் கேச அவனவன் பேசாண்டாம். அண்ணனுக்க துக்கத்த தம்பி சொல்லு. தம்பிக்க துக்கத்த அண்ணன் சொல்லட்டு."

எனக்கு வாய் ஊறிச்சு. அண்ணனப்போலவே தொண்டைய செருமிட்டு ஆரம்பிச்சேன். "நான் தங்கப்பனாக்கும். எனக்கு மனுசனவிட மதிலாக்கும் பெருசு."

"மக்கா, இது அவன் துக்கம் இல்ல. உனக்க நாக்கு"ன்னாரு வக்கீலு.

சரி, நெசமான துக்கத்த சொல்லலாம்னு யோசிச்சேன். ஒண்ணும் கிடைக்கல. அடுத்த வீட்டு மனுசனுக்க துக்கம் ஒண்ணுகூட எனக்குத் தெரியாது. அவனுக்க மதில்ல எத்தர வெடிப்பு உண்டுன்னு கேட்டா சொல்லியிருப்பேன்.

அண்ணன் தரைய பாத்துட்டு, நான் பேசுறதுபோலவே பேசினாரு. "எனக்க அம்மைக்கு இழுப்பு வரும்போ நாற்காலியில வச்சு நானும் பொண்டாட்டியுமா தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடுவோம். ஒருக்கா மழையில வழுக்கி விழுந்தேன். அம்மை சேத்தில கெடந்தா. தங்கப்பண்ணன் ஜன்னல்ல நின்னு பாத்தான். கேசு குடுத்தவனுக்க முற்றத்தில எப்படி காலு வைக்கன்னு அப்படியே நின்னுட்டான். அன்னையிலேருந்து அவனுக்கு சோறு எறங்கல்ல."

பாதி எனக்க துக்கம், பாதி அவருக்க துக்கம். வக்கீலு மட்டும் ஆறின சாயாவ எடுத்து குடிச்சாரு.

மறுநாள் காலத்த அண்ணனே கடப்பாரையோட மதில இடிச்சாரு. அடுத்த மாசம் அம்மைக்கு ஒரு பெரிய இழுப்பு. ஆட்டோ முற்றத்திலயே வந்து நின்னுது. கொஞ்சம் தாமசிச்சிருந்தா காரியம் கழிஞ்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. அம்மைய மடியில தாங்கிட்டு வந்தது அண்ணன்.

நன்றி சொல்லத்தான் வக்கீலுட்ட போனேன். போன இடத்தில வாய் சும்மா இருக்குமா? "ஆனாலும் சாரே, கோர்ட்டில நடந்திருந்தா நான்தான் ஜெயிச்சிருப்பேன் கேட்டியளா"ன்னேன்.

கோபப்படாமலே மனுசன அடிக்க அவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த அடிய இன்னொருக்கா வாங்க, இன்னைக்கும் அந்த பஸ் ஸ்டாண்டில எறங்கி நிக்க எனக்குச் சம்மதம்.

"ஜெயிச்சிருப்பே மக்கா. தீர்ப்பு கேக்க உனக்க அம்மை இருந்திருக்க மாட்டா."