வாஷிங் மெஷினுக்கு அடியில் இருந்த டைல்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். தங்கள் முழங்கால் வலி தேவலை என்று நம்புகிறேன். உங்கள் மகள்தான் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தப்பு என் மேல்.

அவள் ஆராய்ச்சி தங்களுக்குத் தெரிந்ததே. ஓர் அறைக்குள் ஒரே சுருதியில் ஓயாமல் ஒலிக்கும் சத்தம் எந்த இடத்தில் எவ்வளவு கேட்கும் என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். அதற்காக அறையை முக்கோணங்களாக வெட்டி, முக்கோணங்கள் கூடும் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு சமன்பாடு எழுதுகிறாள். எப்படி வெட்டினாலும் விடை உண்டு என்று நிரூபித்து வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு மேஜையில் பென்சிலோடு எனக்கும் விளக்கினாள். சுவரோர மூலைகளுக்கெல்லாம் பூஜ்யம் போட வேண்டும். பூஜ்யம் போட்ட மூலையை ஒட்டி, போடாத மூலை ஒன்றே ஒன்று இருந்தால் அதற்கும் போடலாம். இப்படியே எல்லா மூலைக்கும் பூஜ்யம் போய்ச் சேர்ந்துவிட்டால் கம்ப்யூட்டர் கைவிரிக்காது. நாற்பது வருஷம் டைல் ஒட்டியவன் நான், எனக்கே புரிந்துவிட்டது சம்பந்தி. இப்படிப்பட்ட மூளை என் வீட்டில் மருமகளாக உட்கார்ந்திருக்கிறதே என்று கண் கலங்கிவிட்டது.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு எழுந்திருக்கலாம். தொழில் திமிர் விடவில்லை. எங்கள் குளியலறைத் தரையில் நானே ஒட்டிய முக்கோண டைல்களை, வெட்டுத் துண்டு ஒன்றுகூட இல்லாத வேலை என்று பீற்றிக்கொண்டு வரைந்து காட்டினேன். அவள் பூஜ்யம் போட ஆரம்பித்தாள். சுவரோரத்தைத் தாண்டவில்லை. எந்த மூலையைப் பார்த்தாலும் உள்ளே இரண்டு மூலைகள் காத்திருந்தன.

"நாலு வருஷ வேலை மாமா. ஒரு பாத்ரூம்ல வந்து நின்னுடுச்சு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என் மகன் தரையைப் பெயர்த்துவிடலாமா என்று கேட்கிறான். தாங்கள் உடனே புறப்பட்டு வந்து அவளைத் தேற்ற வேண்டும், என்னையும் நாலு வார்த்தை திட்ட வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். சின்னவர்களுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
வாயால் கெட்ட தங்கள் சம்பந்தி

பி.கு.: வர வேண்டாம். காலையில் சாக்பீஸோடு குளியலறைக்குள் புகுந்தவள் வாஷிங் மெஷினை நகர்த்திவிட்டாள். அதற்கு அடியில், சுவரோரமாக ஒரு டைல் இரண்டு துண்டாக இருக்கிறது. ஒட்டும்போதே உடைந்தது, பதினோரு வருஷமாக மறைத்து வைத்திருந்தேன். அந்த உடைசல் சுவரைத் தொடும் இடத்தில் ஒரு புது மூலை, அதற்கு உள்பக்கம் ஒரே ஒரு மூலைதான் துணை. அங்கே பூஜ்யம் போட்டதும் மற்றதெல்லாம் வரிசையாக வழிக்கு வந்துவிட்டது. எங்கே சிக்குகிறதோ அங்கே ஒரு மூலையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இப்போது ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். படத்தோடு போடுகிறாள், உடைசலும் தெரியும். "வெட்டுத் துண்டே இல்லன்னு சொன்னீங்களே மாமா" என்று மட்டும் கேட்டாள். தாங்களும் மேலே அந்த வரியை அடித்துவிட்டுப் படிக்கவும்.