மயில்கழுத்துக் கோட்டும் உன் அக்காவும்

அன்பிற்குரிய மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டில் எல்லாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். உன் அக்கா நலத்தையும் தாண்டி எங்கோ போய்விட்டாள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். போனை எடுத்தால் அவள் காதில் விழும். தவிர, ஆயுசு முழுக்க அச்சகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் எழுதியதைப் பிழை திருத்தியவன் நான். எனக்கென்று சொல்ல ஒரு விஷயம் கிடைத்திருப்பது இதுதான் முதல் தடவை. என்னை நிதானமாக எழுதவிடு.

உன் அக்கா தொலைபேசி அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவள் என்பது உனக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேர் அவள் குரலைத் திட்டியிருக்கிறார்கள். ஆளைப் பார்த்தவர் ஒருவருமில்லை. அவளும் யாரும் பார்க்கும்படியாக எதுவும் உடுத்தியதில்லை. சாம்பல் நிறம், அது வெளுத்தால் இன்னொரு சாம்பல் நிறம். நானும் அப்படித்தான். எங்கள் துணி கொடியில் காய்ந்தால், வானம் இருட்டிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் குடையோடு கிளம்புவார். இப்படி நாங்கள் பாட்டுக்கு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு சிவனே என்று இருந்தபோதுதான், நூல்கண்டு வாங்கப் போன இடத்தில் உன் அக்கா ஒரு பழைய துணிக்கடைக்குள் நுழைந்தாள். பழைய துணி என்றால் கிழிந்தது கந்தல் இல்லை மச்சான். நாம் பிறப்பதற்கு முன்னால் யாரோ ஆசை ஆசையாகத் தைத்துப் போட்டுக்கொண்ட உடுப்புகளைத் தேடிப் பிடித்து விற்கிற கடை. அந்தக் கடைக்காரம்மா கேட்டவர்க்கெல்லாம் விற்கமாட்டாள். போட்டுப் பார்க்கச் சொல்லி, கண்ணாடி முன்னால் நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, "இது நீங்க இல்லீங்க" என்று கழற்றி வாங்கி மாட்டிவிடுவாள். நான் வெளியே பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து மயில்கழுத்து நிறத்தில் ஒரு கோட்டு போட்ட அம்மாள் ஒருத்தி என்னை நோக்கி வந்தாள். காலர் தோள்பட்டை வரை சிறகு விரித்திருக்கிறது. முழங்கையில் சம்பந்தமே இல்லாத ஒரு பூப்போட்ட ஒட்டு. பொத்தான்களில் நான்கு கறுப்பு, ஒன்று மட்டும் இரத்தச் சிவப்பு. வழி கேட்க வருகிறாள் என்று நினைத்து, "பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்மா" என்று கை காட்டினேன். "தெரியும், வாங்க போகலாம்" என்றது அந்த அம்மாள். குரலை வைத்துத்தான் என் பெண்டாட்டியை அடையாளம் கண்டேன்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. என் முழங்கால் வலிக்காக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் அந்தக் கோட்டோடு உள்ளே நுழைந்ததும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எழுந்து இடம் கொடுத்தார்கள். காலில் கட்டுப் போட்டிருந்தவர்கூட எழப் பார்த்தார் என்றால் பார்த்துக்கொள். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து என் முழங்காலின் கதையை முழுக்க முழுக்க அவளிடமே சொன்னார். நடுவில் நான், "வலிக்கிறது எனக்கு டாக்டர்" என்றேன். "இருங்க சார், மேடம்கிட்ட பேசிட்டு இருக்கேன்ல" என்றுவிட்டார். இன்னொரு நாள் பூங்காவில் கல்லூரிப் பெண்கள் கூட்டமாக ஓடி வந்து, "ஆன்ட்டி, உங்களோட ஒரே ஒரு போட்டோ" என்றார்கள். நானும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். "அங்கிள், நீங்க கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்றாள் ஒருத்தி. தள்ளிக்கொண்டேன். அங்கே நின்று பார்த்தபோது உன் அக்கா தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தாள் மச்சான். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பிரமித்துப் போனேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு இவளை எனக்குத் தெரியவில்லையே, இனிமேல் இவள் பக்கத்தில் நடக்க நான் லாயக்கானவன்தானா என்று பயமாகிவிட்டது.

பயந்தவன் சும்மா இருந்திருக்கலாம். எனக்குப் பிழையைக் கண்டால் கை சும்மா இருக்காதே. அவள் அந்தக் கோட்டைத் தொங்கவிட்டிருக்கும் போதெல்லாம் அந்த ஒற்றைச் சிவப்புப் பொத்தான் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டும். ஒட்டு உறுத்தும். காலரோ அளவு மீறி நீண்டு கிடக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நகர மண்டபத்தில் கடைக்காரம்மா நடத்துகிற பழைய உடை அணிவகுப்பு. மேடையில் இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடக்கப் போவதாக உன் அக்கா சொல்லியிருந்தாள். நாலு பேர் பார்க்கும்போது குறை இருக்கக் கூடாது, அவளுக்கு ஓர் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அவள் குளிக்கப் போன நேரத்தில் கோட்டைச் சுருட்டித் தையற்காரரிடம் கொண்டு போனேன். ஒட்டைப் பிரிக்கச் சொன்னேன். சிவப்புக்குப் பதில் கறுப்பு வைக்கச் சொன்னேன். காலரை இந்தக் காலத்து அளவுக்குக் குறைக்கச் சொன்னேன். "சார், வெட்டினா வெட்டினதுதான். வீட்ல கேட்டுட்டீங்களா?" என்றார் தையற்காரர். "நான் பார்க்காத பிழையா, நீங்க வெட்டுங்க" என்றேன். வெட்டிவிட்டார். கோட்டைப் பார்த்தேன். ஏதோ குமாஸ்தாவின் கோட்டு மாதிரி, அதாவது என் கோட்டு மாதிரி இருந்தது.

வீட்டில் கூச்சல் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. கோட்டை மேஜையில் விரித்து, காலர் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, அந்தக் காலத்து அலுவலகக் குரலில், தேனும் ஐஸும் கலந்த குரலில், "வணக்கம். சொல்லுங்க சார், உங்களுக்கு என்ன குறை?" என்றாள். ஊர் முழுக்க எத்தனை பேரை அந்தக் குரல் அடக்கியிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. "எனக்கு ஒரு குறையும் இல்ல" என்று முனகினேன். "அப்புறம் எதுக்குத் திருத்தினீங்க?" என்றாள். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அவளே பேசினாள்.

"யாரோ ஒருத்தி இந்தக் கோட்டுல பொத்தான தொலைச்சிருக்கா. அதே மாதிரி கிடைக்கல. ஒளிச்சு வைக்காம செக்கச் செவேல்னு ஒண்ண வச்சுத் தைச்சுக்கிட்டு, நாலு பேர் முன்னாடி நிமிர்ந்து நடந்திருக்கா. அவ தைரியம்தான் எனக்குப் பிடிச்சுது. நான் வருஷக்கணக்கா யார் யாரோ செஞ்ச தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டவ. ஆளே இல்லாத வெறும் குரல். இதப் போட்டப்பதான் எனக்குத் தோள்னு ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சுது."

மச்சான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்டிய துண்டுகளையும் ஒட்டையும் பொத்தானையும் தையற்காரர் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தார், அதை நீட்டினேன். வேறு என்ன செய்ய? உன் அக்கா ஊசியை எடுத்தாள். வெட்டுப்பட்ட காலரை, நூல் வெளியே தெரிகிற மாதிரி பெரிய பெரிய தையலாகப் போட்டு, திரும்பவும் வைத்துத் தைத்தாள், அதுவும் மஞ்சள் நூலில். "மறைச்சுத் தைக்கலாமே" என்று என் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டது. "எதுக்கு மறைக்கணும்? இதுல இப்ப உங்க கிறுக்கும் சேர்ந்தாச்சு, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். சிவப்புப் பொத்தானும் பூப்போட்ட ஒட்டும் பழைய இடத்துக்கு வந்தன. போட்டுக்கொண்டு நின்றாள் பார், முன்னைவிட நூறு மடங்கு! ஒரு பிழைகூடத் திருத்தாமல் ஒருத்தி இப்படி ஜொலிக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் அடிக்கோடிட்டு ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன்.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். செய்த காரியத்துக்குத் தண்டனையாக, ஞாயிற்றுக்கிழமை மேடையில் நானும் அவளோடு நடக்க வேண்டுமாம். கடைக்காரம்மா எனக்கென்று செங்கல் நிறத்தில் ஒரு வெல்வெட் கோட்டும், கீழே பெல்பாட்டம் ஒன்றும் எடுத்து வைத்துவிட்டாள். பெல்பாட்டம் என்றால் சாதாரணமானது இல்லை. நான் நடந்தால் தெருவைப் பெருக்க வேறு ஆள் தேவையில்லை. அத்தனை பேர் என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தாலே கால் பின்னுகிறது. பார்த்தால் அவர்களுக்கு என்ன தெரியப் போகிறது? என்னிடம் ஒன்றுமில்லை என்பதுதானே தெரியும்? உன் அக்கா பக்கத்தில் வெறும் ஆளாக நின்று அவளுக்கும் அவமானம் தேடித் தர வேண்டுமா? ஆகவே நீ வா. உனக்கு அவள் உயரம், அவள் மூக்கு. என் இடத்தில் நீ நட. ஏதாவது காரணம் சொல்லி அவளை நீயே சமாதானம் செய்துவிடு. சனிக்கிழமைக்குள் வந்துவிடு. இது உத்தரவு இல்லை, கெஞ்சல்.

உன் மனைவிக்கு என் விசாரிப்புகள். குழந்தைகளுக்கு என் முத்தங்கள். எல்லாரும் நீண்ட ஆயுளோடும் நல்ல முழங்கால்களோடும் இருக்க மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் கதிகலங்கிய அத்தான்

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். உனக்கு அளவு சரிப்படுமா என்று பார்ப்பதற்காகத்தான் அந்த உடுப்பைப் போட்டுப் பார்த்தேன். உனக்குச் சரிப்படாது. கண்ணாடியில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். எனக்குத் தெரியாதவர்தான், ஆனால் பார்த்தவுடன் பிடித்துப்போனது. உன் அக்கா வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தபடி இருக்கிறாள். அவள் இப்படி என்னைப் பார்த்ததே இல்லை மச்சான். ஞாயிற்றுக்கிழமை நான்தான் நடக்கிறேன். ஆக இந்தக் கடிதத்துக்கு இனி ஓர் அவசியமும் இல்லை. ஆனால் இதைத் தபாலில் போட வேண்டுமென்றால் இந்த உடுப்போடு தெருக்கோடி வரை நடந்து போக வேண்டுமே, அதற்காகத்தான் அனுப்புகிறேன்.