புகை சாரின் அறை விளக்கு

காலையிலிருந்து நான்காவது முறையாக விளக்கு அணைந்தது. எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு, இருட்டில் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினார். விளக்கு வரவில்லை. ஜன்னல் இல்லாத அறை.

நகரம் விடும் கரிப்புகையைக் குறைக்க மாநகராட்சி தொடங்கிய பிரிவில் அவர் ஒருவர்தான். எல்லோருக்கும் அவர் 'புகை சார்'. ஆள் அசைந்தால் எரிந்து, அசையாவிட்டால் அணையும் விளக்குகளைக் கட்டடம் முழுக்கப் போடச் சொல்லிக் கோப்பு எழுதியவரே அவர்தான். அதனால் குறை சொல்ல வாய் வரவில்லை.

நின்றுகொண்டே எழுதிப் பார்த்தார். நடந்துகொண்டே படித்தார். புகை சார் சீட்டிலேயே இருப்பதில்லை என்று பேச்சு கிளம்பியது.

மனைவியிடம் சொன்னார். அவள் சிரிக்காமல், ஆடுகிற பொருள் ஏதாவது வைக்கச் சொன்னாள். மறுநாள் மேசை விசிறிக்கு முன்னால் பழைய காலண்டரைத் தொங்கவிட்டார். காலண்டர் நாள் முழுக்கப் படபடத்தது, கோப்புகள் பறந்தன. விளக்கு மட்டும் தன் இஷ்டத்துக்கு அணைந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்கிறவரே விசிறியை ஓடவிடுகிறார் என்று புகார் வேறு போனது.

மாதக் கடைசியில் பக்கத்து அறை ஆணையர் கூப்பிட்டார். எந்த அறை விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தது என்ற பதிவு அவர் கையில் இருந்தது.

"உங்க ரூம்ல தினம் அஞ்சு மணி நேரம் ஆளே அசையலை. என் ரூம் லைட்டைப் பாருங்க, ஒரு தடவைகூட அணைஞ்சதில்லை."

அப்படி ஒரு பிரிவே தேவையில்லை என்று எழுதப்போவதாகவும் சொன்னார்.

புகை சாருக்கு வேலை போவது ஒரு பக்கம். இந்த ஊரின் காற்று கொஞ்சமாவது தேறும் என்று உண்மையாகவே நம்பியவர் அவர்.

"நான் சும்மா உக்காரலை சார். கையை ஆட்டிட்டேதான் இருந்தேன்" என்றார். ஒரே ஒரு தடவை சோதித்துப் பார்க்கும்படி கெஞ்சினார்.

ஆணையர் வேண்டாவெறுப்பாக எலக்ட்ரீஷியனை வரவழைத்தார். அவர் ஏணி போட்டு இரண்டு அறைகளையும் பார்த்தார். நிதானமாக இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு ரூம் வயரையும் மாத்திக் குடுத்துட்டாங்கய்யா. இவர் அசைஞ்சா உங்க லைட் எரியும், நீங்க அசையாம இருந்தா இவர் லைட் அணையும்."