நாற்பத்துநான்காம் நம்பர் சிநேகிதி

மனித குலம் இதுவரை செய்த ஏற்பாடுகளில் பெண்பார்க்கும் வைபவத்துக்கு நிகரானது வேறில்லை. அதிலும் ஒஸ்லோத் தமிழர் அதை ஏற்றி வைத்திருக்கும் உயரம், மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துக் கழுத்துச் சுளுக்கிக்கொள்ள வேண்டிய உயரம். மூன்று வருடம் ஒரே வீட்டில் குடியிருந்த பெண்ணையும் மாப்பிள்ளையையும் முதல் முறையாகச் சந்திக்க வைப்பதென்பது சாதாரண மூளைக்கு எட்டுகிற காரியமா?

சிவநாயகி அதில் கைதேர்ந்தவர். மகள் சாருகா மூன்று வருடத்துக்கு முன்பே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள், பக்கத்து நகரமான திராமனில் வேலை கிடைத்திருக்கிறது, கீர்த்தனனோடு சேர்ந்து வீடு எடுத்திருக்கிறேன் என்று. சிவநாயகி அதை அமைதியாகக் கேட்டு, வேண்டிய திருத்தங்கள் செய்து, கோயிலில் வெளியிட்டார்: சாருகா ஒரு 'சிநேகிதி'யோடு இருக்கிறாள்.

திராமன் வீட்டு வாசலில் அந்தச் 'சிநேகிதி'யின் படகளவு நாற்பத்துநான்காம் நம்பர் சப்பாத்தைக் கண்ட கணவர் இந்திரகுமார் தொண்டையைச் செருமினார்.

"நோர்வேக்காரப் பிள்ளையள் வளத்திதானேயப்பா," என்றார் சிவநாயகி.

குளியலறையில் கிடந்த சவரக்கத்திக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அதற்குள் இந்திரகுமாருக்குப் பண்பாடு வந்துவிட்டது.

'சிநேகிதி' பட்டினி கிடக்கலாமா? மாதம் ஒருமுறை ஆட்டிறைச்சிக் கறியும் றால் பொரியலும் இரண்டு பேர் அளவில் திராமனுக்குப் போயின. கறி போன ஒவ்வொரு பிளாஸ்டிக் பெட்டியின் அடியிலும் சிவப்புக் கியூட்டெக்ஸால் 'சிவநாயகி, ஒஸ்லோ' என்று எழுதியிருக்கும். விசேஷ வீடுகளில் பெட்டி கைமாறாமல் இருக்க எங்கள் பெண்கள் கண்டுபிடித்த காப்புறுதி அது.

போன தை மாதம் சாதகம் பார்க்கப்பட்டது. பத்துக்கு எட்டுப் பொருத்தம். மிச்சம் இரண்டைப் பிள்ளைகள் ஏற்கெனவே திராமனில் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளை பேர்கன் நகரத்தில் ஒரு நல்ல குடும்பத்துப் பொடியன். பெயர், தற்செயலாக, கீர்த்தனன்.

ஒரே ஒரு பயம் சிவநாயகியின் நெஞ்சில் கல்லாய்க் கிடந்தது. மாப்பிள்ளையின் தாய் கனகாம்பிகைக்குத் திராமன் சங்கதி தெரிந்துவிட்டால்? இப்படியா பெட்டையை வளர்த்தீர்கள் என்று கேட்டு, வந்த ரயிலிலேயே மகனையும் இழுத்துக்கொண்டு போய்விட்டால்? அதனால் பெண்பார்க்கும் நாள் முழுவதும் வாய் திறக்கக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குப் பேர்கன் தூதுக்குழு வந்தது. கனகாம்பிகை, அவர் கணவர் பாக்கியராசா, நடுவில் முன்பின் அறியாத பெண்ணைப் பார்க்க வந்த கீர்த்தனன். சாருகா சேலை கட்டித் தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். எல்லோருக்கும் சீனி எத்தனை கரண்டி என்று கேட்டாள். கீர்த்தனனிடம் மட்டும் கேட்காமல், சீனியில்லாத கோப்பையை நீட்டினாள். இரண்டு தாய்மாரும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார்கள்.

பாக்கியராசா முறைப்படி கேட்டார். "பிள்ளைக்குச் சமையல் தெரியுமோ?"

"இடியப்பம் மட்டும் கொஞ்சம் கல்லு மாதிரி வரும்," என்றான் கீர்த்தனன்.

இந்திரகுமார் மறுபடியும் தொண்டையைச் செருமினார்.

"தம்பி பகிடி விடுறான்," என்றார் கனகாம்பிகை. சொல்லிக்கொண்டே தான் கொண்டுவந்த பயற்றம் பணியாரத்தை அவசரமாக நீட்டினார்.

சிவநாயகி அதைக் குசினிக்குக் கொண்டுபோய்த் தட்டில் கொட்டினார். கழுவுவதற்காகப் பெட்டியைக் கவிழ்த்தவர் அப்படியே நின்றார். 'சிவநாயகி, ஒஸ்லோ.'

ஒஸ்லோவில் கறியோடு புறப்பட்ட பெட்டி, பேர்கனிலிருந்து பணியாரத்தோடு வந்திருக்கிறது. இடையில் அது தங்கிய பிறீசர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், திராமனில். கனகாம்பிகைக்குத் தெரிந்துவிட்டதா? பெட்டியின் அடியை மீண்டும் ஒருமுறை வாசித்தார். தெரிந்துமா ஏழு மணித்தியாலம் ரயிலேறி வந்திருக்கிறா?

சிவநாயகி மேல்தட்டைத் திறந்தார். போன மாதம் சாருகா திருப்பித் தந்த பெட்டிகளுக்குள் தான் வாங்காத ஒரு நீலமூடிப் பெட்டி இருந்தது நினைவுக்கு வந்தது. கவிழ்த்துப் பார்த்தார். பச்சை நாடாவில், 'கனகா, பேர்கன்.' அது நிறைய வடையை அடுக்கிக் கொண்டுபோய்ச் சம்பந்தியின் மடியில் வைத்தார். வெறும் கையோடு அனுப்புவது முறையல்லவே.

கனகாம்பிகை பெட்டியை மெல்ல உயர்த்தி அடியைப் பார்த்தார். வாசித்தார். மீண்டும் மடியில் வைத்தார்.

"நல்ல பெட்டி. எங்க வாங்கினனீங்கள்?"

"திராமனில."

"அங்க நல்ல சாமான் கிடைக்குமாம். நானும் கேள்விப்பட்டனான்."

இரண்டு நாகரிகங்கள் கைகுலுக்கிக்கொண்ட அந்த மகத்தான வேளையில் சாருகாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அம்மா, உங்கள் ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரியுந்தானே—"

"பிள்ளை, மாமாவுக்குப் பணியாரம் குடு," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

சம்மதத் தீர்மானம் நிறைவேறியது. ஒரேயொரு நிபந்தனையைக் கனகாம்பிகை முன்மொழிந்தார்: கலியாணம் முடியுமட்டும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் சந்திக்காமல் இருப்பதுதான் மரியாதை, சனம் கதைக்கும். சிவநாயகி வழிமொழிந்தார்.

கீர்த்தனன் சட்டைப்பையிலிருந்த திராமன் வீட்டுச் சாவியைத் தடவிப் பார்த்தான். "அப்ப வீட்டுத் திறப்பு ஆரிட்ட இருக்கிறது?"

இரண்டு தாய்மாரும் அவனை ஆழ்ந்த துயரத்தோடு பார்த்தார்கள். அந்த வீட்டில் இருந்தவர்களில், மூன்று வருடத்துக்கு முன்பே நடந்ததை நடந்தபடி தாய்மாரிடம் வாய் திறந்து சொன்னவர்கள் பிள்ளைகள் இரண்டே பேர். வளர்ப்புச் சரியில்லை என்று அன்று ஏகமனதாகத் தீர்ப்பானதும் அந்த இரண்டு பேருக்குத்தான்.