கூமா ராட்மிலாவின் அவசரம்

ராட்மிலா வெளிக்குப் போய் ஆறு நாளாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நெவேனாவின் கல்யாணம். அவள்தான் கூமா, மணமக்களுக்குச் சாட்சி நிற்பவள். மூன்று தலைமுறையாக அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு இவள் வீட்டார்தான் சாட்சி. வயிறு சரியில்லை என்று விலக முடியுமா? ஊர் சிரிக்காதா?

காரணமும் அவளுக்குத் தெரியும். நான்கு மாதமாக வாரம் ஒன்று என்று எடை குறைக்கும் ஊசி. பதினான்கு கிலோ போயிருந்தது. ஊரிலோ "தினமும் நடக்கிறேன்" என்று சொல்லி வைத்திருந்தாள். அதை நம்பி அலுவலகத்தில் இரண்டு பேர் நடக்கவே ஆரம்பித்துவிட்டார்கள், பாவம்.

வெள்ளிக்கிழமை மருந்துக்கடைக்குப் போனாள்.

"என் சிநேகிதி ஒருத்தி எடைக்கு ஊசி போட்டுக்கறா. ஆறு நாளா வெளிக்குப் போகல."

கடைக்காரப் பெண் துனியா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க சிநேகிதிக்கு வாந்தி, கடுமையான வயித்துவலி ஏதாவது?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப இந்தப் பொடியைத் தண்ணில கலக்கிக் குடிக்கச் சொல்லுங்க. ரெண்டு மூணு நாள் ஆகும். நிறைய தண்ணி குடிக்கணும், அந்த ஊசி போட்டா தாகமே தெரியாது. இது மேல வேற மருந்து எதையும் சேர்க்கக்கூடாது. ஊசி எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்டயும் சொல்லச் சொல்லுங்க."

"மூணு நாளா? ஞாயித்துக்கிழமை நான் சர்ச்ல நிக்கணும்!"

"நீங்க நில்லுங்க அக்கா. மருந்து உங்க சிநேகிதிக்குத்தானே?"

ராட்மிலா பொடியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று மாலை குடித்தாள். சனிக்கிழமை முழுக்கச் சமையலறைக்கும் கழிவறைக்கும் நடையாய் நடந்தாள். அன்றைக்குத்தான் நிஜமாகவே நடந்தாள் எனலாம். ஒன்றும் ஆகவில்லை. வயிறு உப்பி, புது உடுப்பு இடுப்பில் ஏற மறுத்தது. கணவனின் அலமாரியைக் குடைந்து, பழைய பேதி சொட்டு மருந்தைக் கண்டுபிடித்து, அளவு பார்க்காமல் வாயில் விட்டுக்கொண்டாள்.

ஞாயிறு காலையிலும் அசைவில்லை. கீழ்வீட்டு மிலுங்கா ஒரு பெரிய கண்ணாடித் தம்ளரோடு வந்தாள்.

"முகம் ஏன்டி இப்படி இருக்கு? வயிறா? பீப்பாய்ல ஊறின முட்டைக்கோஸ் தண்ணி. ஒரே மூச்சுல குடி. எங்க வீட்டுல பொணத்துக்குக் குடுத்தாகூட எழுந்து ஓடும்."

குடித்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தம்ளரும் வாங்கிக் குடித்தாள்.

பதினோரு மணிக்குப் பாதிரியார் சாவா மணமக்கள் தலையில் கிரீடம் வைத்தபோது, ராட்மிலாவின் வயிற்றுக்குள் வண்டி கிளம்பியது.

பொடி, சொட்டு, முட்டைக்கோஸ் தண்ணீர் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. அவளுக்கு வேர்த்தது. சாவாவின் பூசை என்றால் நாற்பது நிமிடம், பிறகு அறிவுரை தனி. நெவேனாவின் கல்யாணத்தை நானே நாறடிக்கப்போகிறேனே என்று அவளுக்கு அழுகையே வந்தது.

ஆனால் சாவா இன்றைக்கு வேதத்தை ஓட்டமாக ஓட்டினார். பாட்டுகளில் பாதியை விழுங்கினார். பூசை மேசையைச் சுற்றி அவர் மணமக்களை மூன்று முறை அழைத்து வரவேண்டிய இடத்தில், பின்னால் வந்த மணப்பெண் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

"பாதிரியாருக்கு என்ன ஆச்சு?" என்று மாப்பிள்ளை முணுமுணுத்தான்.

"பேசாம ஓடு" என்றாள் ராட்மிலா.

அறிவுரையே இல்லை. பதினெட்டு நிமிடத்தில் முடிந்தது. என் அவஸ்தையை அவர் பார்த்துவிட்டார், என்ன நல்ல மனுஷன் என்று அவள் உருகினாள்.

அப்புறம்தான் சோதனை. கூமாவுக்கு ஆளுக்கு மூன்று முத்தம் கொடுக்க வரிசை நின்றது. அத்தைமார் மட்டும் ஒன்பது பேர். இருபத்தேழாவது முத்தத்தோடு வரிசையைப் பிளந்து, சர்ச்சுக்குப் பின்புறம் இருந்த ஒரே கழிவறைக்கு ஓடினாள்.

கதவு பூட்டியிருந்தது. "சீக்கிரம்!" என்று இரண்டு கையாலும் தட்டினாள்.

"ஆள் இருக்கேன்" என்றது உள்ளிருந்து சாவாவின் குரல். "நீங்களும் அந்த எடை ஊசிதானாம்மா?"