முப்பத்திரண்டு ஆடுகளும் நானும்

"ஒரு நாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் யாராவது இருந்தால் கையை உயர்த்துங்கள்" என்று வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதனால் நான் கேட்பதில்லை. கேட்டால் முதலில் என் கையைத்தான் உயர்த்த வேண்டியிருக்கும்.

நான் கணித ஆசிரியை. பிறந்து வளர்ந்தது பருத்தித்துறையில். மீனில் இருபது வகை சொல்லுவேன். ஆடு என்றால் அதுவரை சட்டிக்குள் மட்டும் பார்த்த பொருள். இருபத்தேழு வயதில் கலியாணமாகிப் புத்தூருக்கு வந்தால், புகுந்த வீட்டில் ஒரு மாமி (கணவரின் அம்மா), முப்பத்திரண்டு ஆடுகள், ஒரு நாய். கணவருக்குக் கிளிநொச்சியில் வேலை. வெள்ளி பின்னேரம் வந்து திங்கள் விடியப் போய்விடுவார். ஆக, மற்ற நாட்களில் அந்த வளவுக்குள் நானும் மாமியும் பிறவுணியும்தான்.

பிறவுணி (பிரவுனி) என்பது நாயின் பெயர். பெயர்தான் வெள்ளைக்காரன், ஆள் சுத்த ஊர் நாய். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்திருக்கும். குட்டியாக இருந்தபோது சந்தைக்குப் போய் வந்த மாமியின் பின்னால் தானாக நடந்து வந்ததாம். ஆடு மேய்க்க யாரும் பழக்கவில்லை. மாமி செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகி, பிறகு மாமியைவிட நன்றாகச் செய்யத் தொடங்கிவிட்டதாம். இதை மாமியே பெருமையோடு சொல்லுவார்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாமி வாய் திறந்து யாரையும் பாராட்டுகிறவர் இல்லை. நான் பட்டம் பெற்றவள், பாடசாலையில் நல்ல பெயர் எடுத்தவள். என் புட்டைச் சாப்பிட்டுவிட்டு "ம்" என்பார். (அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.) அதே வாய் நாயைப் பார்த்தால், "சொல்லாமலே விளங்கிற சீவன்" என்று உருகும். மீன்தலை அவனுக்கு. கணவர் பின்னேரம் போன் எடுத்தால் முதல் கேள்வி, பிறவுணி சாப்பிட்டவனோ என்பது. நான் சாப்பிட்டேனோ என்பது மூன்றாவது கேள்வியாக வரும். இரண்டாவது ஆடுகளைப் பற்றியது.

இதற்கு மேல் ஒரு நாள் மாமி, பிறவுணிக்கு எண்ணத் தெரியும் என்றார். முப்பத்திரண்டில் ஒன்று குறைந்தாலும் பட்டிக்குள் வர மாட்டானாம். கணித ஆசிரியை இருக்கிற வீட்டில் நாய்க்கு எண்ணத் தெரியும் என்றால் யார்தான் சும்மா இருப்பது? அடுத்த நாள் ஆடுகள் மேய்ச்சலால் திரும்பும் நேரம், பின்னால் வந்த ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் குசினிக்குள் ஒளித்துவைத்தேன். ஆடுகள் உள்ளே போயின. பிறவுணி பட்டி வாசலில் நின்று ஒரு தரம் பார்த்தான். பிறகு வளவை ஒரு சுற்றுச் சுற்றினான். இரண்டு நிமிடம் ஆகவில்லை, குசினி வாசலில் வந்து நின்றான். குரைக்கவில்லை. பாடசாலையைப் பரிசோதிக்க வந்த அதிகாரி பாடக்குறிப்பு எழுதாத ரீச்சரைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தான். குட்டியை நானே கொண்டுபோய் விட்டேன். எண்ணினானோ மணந்தானோ தெரியாது. தோற்றது நான் என்பது மட்டும் தெரியும்.

கலியாணமாகி நாலாம் மாதம், ஒரு புதன்கிழமை, மாமிக்கு மருதனார்மடத்தில் ஒரு செத்தவீடு. நான் பாடசாலையால் வந்து சாப்பிட்டு முடித்த நேரம் மாமி வெளிக்கிட்டுக்கொண்டு நின்றார். ஆடுகளைத் தரவை வெளிக்கு மேயக் கொண்டுபோக வேண்டும். ஆட்டுப்பட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போவது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோசம். மாமி அடுத்த வசனத்தைச் சொல்லும்வரை.

"பிள்ளை, நீர் படலையைத் திறந்துவிட்டாக் காணும். அவன் கொண்டுபோவான். நீர் சும்மா ஒரு தடியோடை பின்னாலை போம். றோட்டிலை அவன் நிண்டால் நீரும் நில்லும்."

அதாவது நாய்க்கு நான் உதவியாள். அவன் நின்றால் நானும் நிற்க வேண்டும்.

மாமியின் ஓட்டோ ஒழுங்கை முடக்கில் திரும்பியதும் ஒரு மீன்தலையை எடுத்தேன். பிறவுணியைக் கூப்பிட்டேன். வந்தான். விறகுக் கொட்டிலுக்குள் மீன்தலையைப் போட்டேன். உள்ளே போனான். கதவைச் சாத்திக் கயிற்றால் கட்டினேன். அவன் மீன்தலையைத் தொடாமல் கதவு நீக்கலால் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வை எனக்குக் கொஞ்சம் குத்தியதுதான். ஆனால் பொறாமை பிடித்தவளுக்குக் குத்துவதெல்லாம் உறைக்காது.

எனக்கு ஒரு திட்டம் இருந்தது. ஆடு மேய்ப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? பிறவுணி வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தவரைக்கும் அவன் ஒன்றுமே செய்வதில்லை. குரைப்பதில்லை, கடிப்பதில்லை. பின்னால் அரைவட்டமாக இங்கும் அங்கும் நடப்பான், சிலவேளை படுப்பான், முறைத்துப் பார்ப்பான். ஆடுகள் தாங்களாகவே போகின்றன என்றுதான் நினைத்திருந்தேன். (நன்றாகப் படிப்பிக்கிற ரீச்சரைப் பற்றியும் பிள்ளைகள் இப்படித்தான் நினைக்குங்கள்.) ஆகவே ஒரு பேசினுக்குள் புண்ணாக்கைக் கரைத்து எடுத்துக்கொண்டு, படலையைத் திறந்து, முன்னால் நடந்தேன்.

ஆச்சரியம், ஆடுகள் வந்தன. கிழட்டுக் கறுப்பி முன்னால், மற்றவை பின்னால். இருநூறு மீற்றர் தூரம் ஒரு பிரச்சினையும் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தக் காட்சியைக் கணவர் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு கையில் பேசின், மற்றக் கையில் போன். வீடியோவில் அழைத்து, என் பின்னால் வருகிற ஆட்டுக்கூட்டத்தைக் காட்டினேன். பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "பிறவுணி எங்கை?" என்றார்.

கோபத்தில் போனை வெட்டினேன். வெட்டுவதற்காக நின்றேன். நான் செய்த பிழை அதுதான், நின்றது. முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் வருகிறவை முட்டும். கறுப்பி பேசினுக்குள் தலையை விட்டது. பேசின் விழுந்தது. முப்பத்திரண்டு ஆடுகள் அரை நிமிடத்தில் புண்ணாக்கை முடித்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தன. என்னிடம் வேறொன்றும் இல்லை என்பது அவற்றுக்கு விளங்கியது.

ஒழுங்கையின் இடப்பக்கம் செல்லத்துரை அண்ணையின் பீற்றூட் தோட்டம். வேலியில் ஒரு பொட்டு, ஆடு நுழையக்கூடிய ஓட்டை, இருந்தது. நான் அதைக் கண்டதே இல்லை. கறுப்பி கண்டிருந்தது. அது நுழைய, பின்னால் பத்தொன்பது நுழைந்தன. மிச்சம் பன்னிரண்டும் நேரே பிரதான வீதிப் பக்கம் ஓடின. அங்கே யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் பஸ் பறக்கும்.

செல்லத்துரை அண்ணை தோட்டத்துக்குள் நின்று கத்தினார். அவர் கத்தினபடியால் நான் அவருடைய பக்கம் ஓடினேன். அறிவுள்ளவர்கள் வீதிப் பக்கம் ஓடியிருப்பார்கள். ஆட்டைக் கலைக்க நேரே அதை நோக்கி ஓடினேன். அது இன்னும் உள்ளே போனது. நான் கத்தக் கத்த அவை வேகமாகத் தின்றன. ஒன்றின் காதைப் பிடித்தேன். அது என்னை இரண்டு வரம்பு இழுத்துக்கொண்டு போய் விழுத்தியது. சிவப்பு மண்ணும் பீற்றூட் சாறும் பட்டு, யாரோ என்னை வெட்டிப்போட்ட மாதிரி எழும்பினேன். அப்போது வீதியில் பஸ் ஹோர்ன் நீளமாகக் கேட்டது. அதுவரை நான் ஒரு நாயோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தேன். மாமி பன்னிரண்டு உயிரை இழக்கப் போகிறார் என்பது அந்த ஹோர்ன் சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது.

வீதிக்கு ஓடினேன். நான் போய்ச் சேர முதல் பிறவுணி அங்கே நின்றான். விறகுக் கொட்டிலின் தென்னோலைக் கிடுகைப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறான் (உடம்பெல்லாம் கிடுகுத் தும்பு). வீதியின் அந்தக் கரையில் ஆடுகள், நடுவில் அவன், இந்தப் பக்கம் நின்றுபோன பஸ். அவன் பஸ்ஸைப் பார்க்கவே இல்லை. ஆடுகளைத் தாண்டி அப்பால் ஓடி, வளைந்து, அவற்றுக்குப் பின்னால் வந்து தாழ்ந்தான். ஆட்டின் தோளுக்குப் பின்னால் நின்றால் அது முன்னே போகும், தோளுக்கு முன்னால் வந்தால் திரும்பும். அன்றுதான் அதைக் கண்ணால் கண்டேன். அவன் ஆடுகளைத் துரத்தவில்லை. ஆடுகள் போகக் கூடாத பக்கத்தில் எல்லாம் அவன் நின்றான். மிச்சமிருந்த ஒரே பக்கம் எங்கள் ஒழுங்கை. பன்னிரண்டும் ஒழுங்கைக்குள் வந்தன. வட்டமும் கோணமுமாகக் கேத்திரகணிதம் படிப்பிக்கிறவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பஸ்ஸுக்குப் பின்னால், ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள் சைக்கிள்களில் நின்றார்கள். அதில் நாலு பேர் என் வகுப்பு. அவர்களில் தர்சிகாவின் கையில் போன் இருந்தது. நான் கண்டும் காணாத மாதிரி நடந்தேன். அவர்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

பன்னிரண்டையும் ஒழுங்கை ஓரத்தில் விட்டுவிட்டுப் பிறவுணி பீற்றூட்டுக்குள் போனான். வேலியோரமாக முழுத் தோட்டத்தையும் சுற்றி, கடைசி மூலையில் தலையைக் காட்டினான். கறுப்பி வாயில் இருந்த இலையோடு திரும்பியது. மற்றவை அதன் பின்னால், நுழைந்த அதே பொட்டால் வரிசையாக வெளியே வந்தன. செல்லத்துரை அண்ணை திட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் வந்துவிட்டன என்று நான் நினைத்தேன். அவன் நினைக்கவில்லை. திரும்பவும் போய், தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஒன்றின் கரையில் நின்று என்னைப் பார்த்தான். கிட்டப் போனேன். உள்ளே ஒரு குட்டி, காலை இழுக்க முடியாமல் சேற்றில் நின்றது. அவனுக்குக் கை இல்லை. அதற்குத்தான் நான் தேவைப்பட்டேன். குட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆடுகளோடு ஆடாக நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அவன் என் இடது தோளுக்குப் பின்னால். நான் கொஞ்சம் வலப்பக்கம் விலகினேன். அவன் வலப்பக்கம் வந்தான். நான் திரும்பவும் நேரே நடந்தேன்.

பின்னாலிருந்து தர்சிகாவின் குரல் கேட்டது, மிகவும் மரியாதையாக. "ரீச்சர், நாய் உங்களையும் ஆட்டோடை சேர்த்துச் சாய்க்குது."

பட்டிக்குள் ஆடுகள் போயின. குட்டியை விட நானும் உள்ளே போனேன். விட்டுவிட்டுத் திரும்பினால் வாசலில் பிறவுணி இருக்கிறான். ஒரு அடி வைத்தேன். எழும்பினான். இடப்பக்கம் போனேன். அவனும் வந்தான். கடிக்கவில்லை, உறுமவில்லை. பார்த்தான், அவ்வளவுதான். நான் பின்னால் போய்க் கறுப்பிக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் திருப்தியாகப் படுத்தான். வேலிக்கு வெளியே நாலு சைக்கிளும் ஒரு போனும்.

அரை மணித்தியாலத்தில் மாமியின் ஓட்டோ வந்தது. பிள்ளைகள் வழிவிட்டார்கள். மாமி பட்டியைப் பார்த்தார். சிவப்பு மண்ணோடு ஆடுகளுக்கு நடுவில் நிற்கிற பட்டதாரி மருமகளைப் பார்த்தார். வாசலில் கிடந்த நாயைப் பார்த்தார்.

"மாமி, இவனை ஒருக்கா விலத்தச் சொல்லுங்கோ" என்றேன்.

"செத்தவீட்டாலை வந்தனான் பிள்ளை. முழுகிப்போட்டு வாறன், நில்லும்."

கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம், எழும்புகிற சத்தம். மாமி அன்றைக்கு அவசரப்படாமல் முழுகினார். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, ஆடுகளை ஆறுதலாக எண்ணி, பிறகு நாயிடம், "காணும், அவவை விடு" என்றார். அவன் எழும்பி ஓரமாக நின்றான். நான் நாய்க்கு நன்றி சொல்லாத குறையாக வெளியே வந்தேன்.

மாமி ஏசவில்லை. கொட்டிலில் பிய்ந்து கிடந்த கிடுகைப் பார்த்தார், கதவில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார், எல்லாம் விளங்கியது. "அவனோடை உமக்கென்ன போட்டி?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவனோடு கதைக்கிற மாதிரி என்னோடு நீங்கள் கதைக்கிறதில்லை என்று சொல்லிவிட்டேன். மாமி பிய்ந்த கிடுகை எடுத்து ஒதுக்கி வைத்தார். பிறகு, "அவனுக்குத் திருப்பிக் கதைக்கத் தெரியாது, அதாலை பயமில்லை. நீர் படிச்ச பிள்ளை. என்னத்தைக் கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை" என்றார். அன்று பின்னேரம் இருவருமாகச் செல்லத்துரை அண்ணையிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம். அவர் கடிபட்ட பீற்றூட்டையெல்லாம் ஒரு சாக்கில் கட்டித் தந்தார். ஒன்பது நாள் பீற்றூட் கறி. சமைக்கும்போது மாமி என்னோடு கதைத்தார்.

தர்சிகாவின் வீடியோ அன்றே ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. கலியாணத்துக்கு வர முடியாத சொந்தக்காரர் எல்லாரும் என்னை முதன்முதலாகக் கண்டது பட்டிக்குள்தான். இது நடந்து ஆறு வருடமாகிறது. பிறவுணிக்கு முகமெல்லாம் நரை. வேலையை மட்டும் விடவில்லை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கலியாண வீடுகளில் கதைக்கத் தொடங்கினால் எழும்ப மாட்டேன். கணவர் வாசலில் ஓட்டோவை மறித்துக்கொண்டு நிற்பார், மகள் நித்திரை தூங்குவாள், நான் இன்னும் நாலாவது மாமியோடு கதைத்துக்கொண்டிருப்பேன். அப்போது எங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர், பெரும்பாலும் மாமிதான், என் கதிரைக்குப் பின்னால் வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், என் இடது தோளுக்கு நேரே நிற்பார். சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் எழும்பி நேரே வாசலுக்கு நடந்துவிடுவேன்.